கலப்படத்தை எதிர்த்த கமக்காரர்

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது நம்மவர் பழமொழி. மழை பொய்த்துப் பயிர் கருகிய காலத்தில் இவ்வாறு கூறுவதில் வியப்பில்லை. விளைச்சல் பெருகிக் களஞ்சியம் நிறைந்த காலத்திலும் கமக்காரன் வீட்டில் அடுப்பெரியாவிடின் அதனை என்னென்பது? பிரான்ஸ் தேசத்தின் தென்பகுதியாகிய லாங்குடொக்கில் 1907-ம் ஆண்டில் இத்தகைய நிலையே ஏற்பட்டது. அவ்வரலாற்றை இவ்வாரம் நோக்குவோம். மதுவின் பெருமையைப் பேசுவது நம் கருத்தன்று. முந்திரிகைக் கொடியை நம்பி வாழ்ந்த மக்களின் கதையே நாம் கூற வந்தது.

மத்தியதரைக் கடலோரத்திலுள்ள இப்பகுதியில் முன்னர் தானியமும் ஒலிவமும் முந்திரிகையும் கலந்தே விளைந்தன. 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் புகையிரதப் பாதை அமைந்ததும், வடக்கேயுள்ள நகரங்களின் தொழிலாளர் அருந்தும் மலிவான வைனுக்குப் பெருங் கிராக்கி உண்டாயிற்று. வயல்களெல்லாம் முந்திரிகைத் தோட்டங்களாயின. ஒரு பயிரை மாத்திரம் நம்பிய ஊர், ஒற்றைத் தூணில் நிற்கும் வீட்டை ஒக்குமன்றோ?

அத்தூணை ஆட்டங்காணச் செய்தது ஒரு சிறு பூச்சி. அமெரிக்கக் கொடிகளுடன் வந்து சேர்ந்த பிலொக்செரா என்னும் அது வேர்களைத் தாக்க, 1863-ம் ஆண்டளவில் தொடங்கித் தோட்டந் தோட்டமாகக் கொடிகள் பட்டன. மொன்பெலியே நகரத் தாவரவியல் அறிஞர் பிளான்ஷோனும் அவர்தம் துணைவரும் 1868-ல் அப்பூச்சியைக் கண்டுபிடித்தனர். அதனைத் தாங்கவல்ல அமெரிக்க வேரில் உள்ளூர்க் கொடியை ஒட்டவைத்து, பெருஞ் செலவிற் தோட்டங்களை மீட்டனர்.

ஆயின், கொடிகள் அழிந்திருந்த காலத்தில் வியாபாரிகள் வேறு வழி கண்டிருந்தனர். உலர்ந்த முந்திரிகையை ஊறவைத்தும், பிழிந்த சக்கையிற் சீனியும் நீருங் கலந்தும் வைன் ஆக்கினர். தோட்டங்கள் மீண்ட பின்னரும் இவ்வழக்கம் ஒழியவில்லை. 1903-ல் சீனி வரி குறைக்கப்பட்டமை அதற்கு உரமூட்டியது. அல்ஜீரியாவிலிருந்தும் வைன் வந்து குவிந்தது. உள்ளூர் விளைச்சலும் மிகுந்தது. விலை சரிந்தது, கூலியாட்களுக்கு வேலையற்றுப் போயிற்று.

ஆர்ஜெலியே என்னுஞ் சிற்றூரில் ஒரு சிறு தேநீர்க்கடை போன்ற கபேயும் தோட்டமும் வைத்திருந்தவர் மார்செலன் அல்பேர். 1907 மார்ச் 11-ந் திகதி, பாராளுமன்ற விசாரணைக் குழுவிடம் முறையிட அவரும் ஊரவருமாக 87 பேர் நார்பொன் நகருக்குச் சென்றனர். அந்தச் சிறு கூட்டம் பின்னர் ஞாயிறுதோறும் வளர்ந்தது. மே 5-ந் திகதி நார்பொன், அடுத்த வாரம் பெசியே, பின்னர் பெர்ப்பிஞான், கார்க்கசொன், நீம் எனத் திரள் பெருகி, ஜூன் 9-ந் திகதி மொன்பெலியேயில் ஐந்து லட்சம் பேருக்கு மேல் கூடினர் என்பர். அந்நகரின் சனத்தொகையோ ஒரு லட்சத்துக்குங் குறைவு! நார்பொன் மேயர் பெரூல் பதவி துறந்தார். நூற்றுக்கணக்கான ஊர்ச்சபைகளும் அவ்வாறே செய்தன.

பிரதமர் கிளமென்சோ படையை அனுப்பினார். ஜூன் 19-ந் திகதி பெரூல் கைதானார். அன்றும் மறுநாளும் நார்பொன் வீதிகளில் துப்பாக்கிகள் வெடித்தன. மாண்டோருள் இருபது வயது நங்கை ஒருத்தியும் இருந்தாள். இச்செய்தி கேட்ட 17-வது காலாட்படையினர் ஏறத்தாழ 500 பேர், தாம் அத்தோட்டக்காரரின் பிள்ளைகளே என்பதை மறவாது, கட்டளையை மீறி இரவோடிரவாகப் பெசியேக்கு நடந்தனர். பின்னர் அவர்கள் துனீசியாவிலுள்ள காப்சாவுக்கு அனுப்பப்பட்டனர்.

அல்பேர் பாரிஸ் சென்று 23-ந் திகதி கிளமென்சோவை நேரிற் கண்டார். பிரதமர் அவர் ஊர் திரும்பும் பிரயாணச் செலவுக்கென நூறு பிராங் தாளொன்றைக் கொடுத்தார். கள்ளமற்ற அல்பேர் அதனை வாங்கினார், பத்திரிகையாளரிடம் மறைக்கவுமில்லை. செய்தி பரவியது. நேற்றுவரை மீட்பர் எனத் தோளிற் சுமந்தவர்கள் இன்று விலைபோனவர் எனத் தூற்றினர். 1921-ல் வறுமையிலேயே அவர் மறைந்தார்.

எனினும் போராட்டம் வீண்போகவில்லை. ஜூன் 29-ந் திகதி நிறைவேறிய சட்டம், ஒவ்வொரு தோட்டக்காரரும் தம் விளைச்சலின் அளவை அறிவிக்க வேண்டுமென விதித்தது. வைனுக்குச் சேர்க்குஞ் சீனிக்கு மேல்வரியும் இட்டது. விளைந்தது இவ்வளவு என ஏட்டிற் பதிவான பின், அதற்கு மேல் விற்பது எங்ஙனம் வந்ததென்ற கேள்வி எழுமல்லவா? எளிய கணக்கே கலப்படத்துக்குக் கடிவாளமாயிற்று.

இக்கதையில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. ஆயிரம் பேச்சாளர் செய்யவியலாததை ஒரு கபேக்காரர் செய்தார். லட்சம் மக்கள் கொடுத்த பெயரை ஒரு காகிதத்தாள் பறித்தது. பொதுக் காரியத்தில் இறங்குவோர் நேர்மையாயிருத்தல் மட்டும் போதாது; பிறர் கண்ணுக்கும் அது விளங்க வேண்டும். அதேவேளை, தமக்காக உழைத்தவரைத் தூற்றுமுன் ஒரு கணம் நின்று விசாரித்தல் மக்களின் கடமையுமாகும்.