ஏணியும் மலையும்

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022 ஜனவரி 12-ஆம் நாள். நோயாளியைத் தூக்கிக்கொண்டு விழுப்புரத்துக்கும் சேலத்துக்கும் புதுவைக்கும் ஓடி ஓடிக் கால் தேய்ந்த மக்களுக்கு இது சிறிய காரியமல்ல. கரும்பு வெட்டுகிறவர் மகனும், மூட்டை தூக்குகிறவர் மகளும் டாக்டராக ஒரு வாசல் திறந்திருக்கிறது. வரவேற்கிறோம், மனமார வரவேற்கிறோம்.

வரவேற்ற கையோடு ஒன்று கேட்கிறோம். இந்தக் கல்லூரிகளிலே படித்து வெளிவரும் டாக்டர் எங்கே போவார்? கச்சிராயபாளையம் தாண்டி, வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலையிலே வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் போவாரா? போனால், எத்தனை நாள் தங்குவார்? தங்குவதும் தங்காததும் அவர் மனத்தைப் பொறுத்தது என்று சொல்லிவிடலாம். அந்த மனத்தை உருவாக்குவது எது என்பதல்லவா கேள்வி!

கல்வராயன் மலையிலே மலையாளிப் பழங்குடி மக்களின் வீடு ஒன்றை எண்ணிப் பாருங்கள். கிழவிக்கு மூச்சிரைப்பு. மருமகள் ஏழு மாதக் கர்ப்பிணி, உடம்பில் இரத்தமில்லை. பேரனுக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல், எடை ஏறவில்லை. வெளியூருக்குக் கூலி வேலைக்குப் போன மகன் திரும்பி வந்திருக்கிறான். மாதக் கணக்காக இருமுகிறான். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் இவர்கள் நான்கு சீட்டு வாங்கி, நான்கு வரிசையிலே நிற்க வேண்டும். நான்கு டாக்டர்களும் கெட்டிக்காரர்களாகவே இருக்கட்டும். தகப்பனின் இருமலும் பிள்ளையின் காய்ச்சலும் ஒரே காசநோயாக இருக்கலாமே என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கு நேரமிருக்கிறது? அந்த வீட்டை ஒரு வீடாகப் பார்க்கிற டாக்டருக்கு அது தோன்றும். அந்தப் பார்வைக்குப் பெயர்தான் குடும்ப மருத்துவம்.

அது என்ன தனிப் படிப்பா என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் பாமரர்களல்லர், பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்கள் பலர். "இதயத்துக்கு நிபுணர் உண்டு, எலும்புக்கு நிபுணர் உண்டு, குடும்பத்துக்கு ஏது நிபுணர்? எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரிந்தவர், எதிலும் முழுமை பெறாதவர். வேறு இடம் கிடைக்காதவர் எடுக்கிற படிப்பு!" இப்படி ஒரு எண்ணம் ஆஸ்பத்திரித் தாழ்வாரங்களிலே உலவுகிறது. அது மக்களுக்கும் தொற்றிவிட்டது. "வெறும் எம்.பி.பி.எஸ். தானா?" என்று நாமே கேட்கிறோமே!

இந்த எண்ணம் இங்கே முளைத்ததல்ல. சீமையிலே 1958-இல் டாக்டர்களின் சம்பளத்தை ஆராய ஒரு கமிஷன் அமர்ந்தது. சர்ச்சிலின் வைத்தியரும் பெரும் பிரபலஸ்தருமான மோரான் பிரபு அதன் முன் சாட்சி சொன்னார். மருத்துவத் தொழிலை அவர் ஓர் ஏணியாகக் கண்டார். உச்சியில் நிற்பவர் ஆஸ்பத்திரி நிபுணர். ஏற முடியாமல் விழுந்தவர் குடும்ப டாக்டர். இதுதான் அவர் சொன்னதன் சாரம். மனம் புண்பட்ட அந்நாட்டுக் குடும்ப டாக்டர்கள் அழுதுகொண்டா உட்கார்ந்தார்கள்? இல்லை. 1952-லேயே தங்களுக்கென ஒரு கல்விக் கழகம் கண்டிருந்தார்கள். 1963-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்திலே, உலகிலேயே முதன்முதலாக, பொது மருத்துவருக்கென்று ஒரு பேராசிரியர் பீடம் ஏற்பட்டது. 1980-களின் தொடக்கத்திலே, தனிப் பயிற்சி பெறாதவர் அங்கே குடும்ப டாக்டராக முடியாது என்றே சட்டம் வந்தது. அமெரிக்காவில் 1969-இல் இது தனிச் சிறப்புத் துறையாயிற்று. டாலர் நாட்டுக்கு மட்டுந்தான் இது கட்டும் என்பாருக்குக் கியூபாவைக் காட்டுகிறோம். 1984 முதல் அந்தச் சின்ன நாடு தெருவுக்குத் தெரு குடும்ப டாக்டரையும் நர்ஸையும் குடியமர்த்தியது.

நம் நாட்டிலே? ஏட்டிலே குறையில்லை. 1946-இல் போர் கமிட்டி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரைபடம் போட்டது. நோயோடு சமூகத்தையும் பார்க்கிற டாக்டர் வேண்டும் என்றது. 2002-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதாரக் கொள்கை, மேல்படிப்பு இடங்களில் கால் பங்கு பொதுச் சுகாதாரத்துக்கும் குடும்ப மருத்துவத்துக்கும் ஒதுக்கப்படும் நிலை படிப்படியாக வரவேண்டும் என்றது. கால் பங்கு! நூற்றுக்கு இருபத்தைந்து! சொன்னதென்ன, நடந்ததென்ன? குடும்ப மருத்துவத்தில் எம்.டி. பட்டம் என்பதே அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, கோழிக்கோடு அரசுக் கல்லூரியிலே விரல்விட்டு எண்ணும் இடங்களோடு தொடங்கியது. 2016-இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதை வளர்க்கச் சொன்னது. 2017-ஆம் ஆண்டுக் கொள்கையும் சொன்னது. கால் பங்கு மட்டும் கண்ணில் படவில்லை.

ஏன் படவில்லை? டாக்டர்கள் கெட்டவர்கள் என்று சொல்லி முடித்துக்கொள்வது சுலபம், அது உண்மையல்ல. மாணவர் கல்லூரியிலே யாரைப் பார்க்கிறார்? நிபுணரைப் பார்க்கிறார். யாருக்கு மதிப்பு? நிபுணருக்கு. யாருக்குக் கூடுதல் ஊதியம், பதவி உயர்வு, நகர வாழ்வு? அவருக்கே. பிறகு அந்த மாணவர் மலையைப் பார்த்து ஓடவில்லையே என்று வருந்துவது, விதைக்காத வயலிலே கதிர் தேடுவது போன்றதாகும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மலைப்பகுதி போன்ற கடினமான இடங்களிலே பணிசெய்த அரசு டாக்டருக்கு, மேல்படிப்பு நுழைவுத் தேர்விலே ஆண்டுக்கு நூற்றுக்குப் 10 வீதம், 30 வரை ஊக்க மதிப்பெண் தர விதி இடமளிக்கிறது. நல்ல நோக்கம், குறை சொல்லவில்லை. ஆனால் விளைவென்ன? மலைக்கு வந்தவர் அந்த மதிப்பெண்ணைக் கொண்டு எதைப் படிக்கப் போகிறார்? எக்ஸ்-ரே, ஸ்கேன் படிப்பையும் தோல் நோய்ப் படிப்பையும் தேடிப் போனால், அவர் கற்ற வித்தைக்கு மலையிலே வேலை இருக்காது. மலை அவருக்கு ஏணியின் முதற்படி ஆகிறது. ஏறியதும் ஏணி நகர்ந்துவிடுகிறது. மலையிலுள்ளவர் மீண்டும் புதிய முகத்துக்குப் பழைய நோயைச் சொல்லத் தொடங்குகிறார்.

நிபுணர் வேண்டாம் என்கிறோமா? ஒருக்காலும் இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலே மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்றே, அந்த நாட்களை மறக்க முடியுமா? சேலம், விழுப்புரம், புதுவை ஜிப்மர் என்று வண்டிகள் பறந்தன. அப்படிப்பட்ட நேரத்திலே இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரமும், மூச்சுக் கருவியும், அவற்றை இயக்கும் நிபுணர்களுமே உயிர் காப்பவர்கள். அவர்களை வணங்குகிறோம். ஆனால் அந்த நஞ்சின் தன்மையைப் பாருங்கள். முதலிலே சாதாரணக் குடிமயக்கம் போலவும் வயிற்றுவலி போலவும் இருக்கும். பல மணி நேரம் கழித்துத்தான் கண் மங்கும், மூச்சு முட்டும். அந்த இடைவெளியிலே, "இது வழக்கமான குடியல்ல, உடனே அனுப்பு" என்று கண்டுகொள்ளும் கண் யாருடையது? அந்த ஆளையும், அவர் தெருவையும், நேற்று அவர் இருந்த நிலையையும் அறிந்தவருடைய கண். குடும்ப டாக்டர் நிபுணருக்குப் போட்டியல்லர். நிபுணரிடம் சரியான ஆளைச் சரியான நேரத்தில் சேர்ப்பவர் அவர்.

இது ஆகாத காரியம் என்பவர்கள் மலையின் மேற்குப் புறம் இறங்கிப் பார்க்கட்டும். கல்வராயனுக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே, தருமபுரி மாவட்டத்தில் இருக்கிறது சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. 1993-இல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் அங்கே ஒரு குடிசையிலே வைத்தியம் தொடங்கினார்கள். அவர் மயக்க மருந்து நிபுணர். அம்மையார் மகப்பேறு நிபுணர். ஆனால் வந்தவர்களிடம் "இது என் துறையல்ல" என்று சொல்ல முடியவில்லை. பாம்புக்கடி, வயிற்றுப்போக்கு, பிரசவம், காசநோய் எல்லாவற்றையும் பார்த்தார்கள். பழங்குடிப் பெண்களையே நர்ஸுகளாகவும் ஊர் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்றினார்கள். ஆயிரத்துக்கு 147 என்றிருந்த சிசு மரணம் 20 அளவுக்கு இறங்கியது. நிபுணர்களே மலையிலே குடும்ப டாக்டராக மாறித்தான் ஜெயித்தார்கள் என்றால், அதைத் தாழ்ந்த வித்தை என்பது எப்படிப் பொருந்தும்?

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. பெரிய பேறு. மாத்திரை வந்துவிட்டது; அந்த மாத்திரையைக் கூட்டுவதா, குறைப்பதா, சிறுநீரகம் கெடுகிறதா என்று ஆண்டுக்காண்டு அதே ஆளைப் பார்த்துச் சொல்லும் டாக்டரும் பின்னாலே வரவேண்டாமா?

ஆகவே, தோழர்களே, நாம் கேட்க வேண்டியவை மூன்று. சிறுவங்கூர் கல்லூரியிலே குடும்ப மருத்துவம் வலுவான தனித் துறையாக நிற்க வேண்டும்; அதன் மாணவர்கள் மலையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களிலே மாதக் கணக்கில் தங்கிப் பயில வேண்டும். அந்த நிலையங்களிலே குடும்ப மருத்துவ நிபுணர் என்ற பதவி, மற்ற நிபுணருக்குச் சமமான சம்பளத்தோடும் உயர்வோடும், குடியிருக்க நல்ல வீட்டோடும் ஏற்பட வேண்டும். மலைப்பணி மதிப்பெண் பெற்றவர் குடும்ப மருத்துவம் படித்து மலைக்கே திரும்பினால் அவருக்குத் தனிச் சலுகை வேண்டும்.

இவற்றைக் கிளைக் கூட்டங்களிலே பேசுங்கள். கிராம சபையிலே தீர்மானமாக வையுங்கள். சட்டமன்ற உறுப்பினரிடம் மனுவாகக் கொடுங்கள். கூடவே, நம் நாவையும் திருத்திக்கொள்வோம். நம் ஊர் டாக்டரைப் பார்த்து "வெறும் எம்.பி.பி.எஸ்." என்று சொல்வதை நாம் விட்டால்தான், பெரிய ஆஸ்பத்திரியைப் பார்த்து நீங்களும் விடுங்கள் என்று சொல்லும் தகுதி நமக்கு வரும்.