தாத்தாவின் அப்பா பெயர் என்ன?

உங்கள் தாத்தாவின் பெயரைக் கேட்டால் தயங்காமல் சொல்லிவிடுவீர்கள். அவருடைய தகப்பனார் பெயர்? கொஞ்சம் யோசிப்பீர்கள். அந்தத் தகப்பனாரின் மனைவி பெயர் என்ன, அவர் எந்த ஊரில் பிறந்தவர்? இங்கே நம்மில் அநேகம் பேர் கையை விரித்துவிடுவோம். வீட்டில் வயதானவர் ஒருவர் இருந்தால், "இருங்கள், ஆயாவைக் கேட்டு வருகிறேன்" என்று உள்ளே போவோம். ஆயா இல்லாத வீட்டில் பேச்சு அத்துடன் முடிந்துவிடும்.

எந்த ஊரிலும் உள்ள சங்கடம்தான் இது. ஆனால் திருத்தணியிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் இந்தச் சங்கடம் இரட்டிப்பு. காரணம், எல்லைக்கோடு.

மலைமேல் முருகன் இருக்கிறான். அவன் சந்நிதிக்கு ஏறும் 365 படிகளும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அடிவாரத்து ஊரின் விலாசம்தான் ஓயாமல் மாறிக்கொண்டிருந்தது. 1911 வரையில் திருத்தணி வட ஆற்காடு ஜில்லாவில் இருந்தது. கார்வெட்நகரம் ஜமீனைச் சேர்ந்த ஊர். அந்த வருஷம் சித்தூர் ஜில்லா புதிதாக உண்டானபோது அதற்குப் போயிற்று. 1953 அக்டோபர் 1-ந் தேதி ஆந்திர ராஜ்யம் பிரிந்தது. சித்தூரோடு திருத்தணியும் அந்தப் பக்கம் சேர்ந்தது. 1956-ல் அதுவே ஆந்திரப் பிரதேசம் ஆயிற்று. ம. பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் முன்னின்று நடத்திய வடக்கெல்லைக் கிளர்ச்சி, படாஸ்கர் சிபாரிசு, 1959-ம் வருஷத்து எல்லை மாற்றச் சட்டம் ஆகிய இத்தனைக்கும் பிறகு, 1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. செங்கற்பட்டு ஜில்லாவில் சேர்த்தார்கள். 1997-ல் அந்த ஜில்லாவும் பிரிந்தது. இப்போது திருவள்ளூர் மாவட்டம்.

1940-ல் இந்த ஊரில் பிறந்து, இதே ஊரில் வாழ்க்கைப்பட்டு, இன்றும் இங்கேயே இருக்கும் ஒரு மூதாட்டியை நினைத்துப் பாருங்கள். அவர் ஊரை விட்டு நகரவே இல்லை. ஆனால் மூன்று ஜில்லாக்களிலும் மூன்று ராஜ்யங்களிலும் குடியிருந்தாயிற்று!

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஓட்டுப் போடுகிறவருக்கு ஒன்றும் நஷ்டமில்லை. குடும்பத்தின் பூர்வீகத்தைத் தேடுகிறவருக்கோ திண்டாட்டம்தான். கொள்ளுத்தாத்தாவின் பெயர் எழுதிய காகிதத்தை வேலூரில் தேடுவதா, சித்தூரில் தேடுவதா, செங்கற்பட்டிலா, எழும்பூர் ஆவணக் காப்பகத்திலா? ஜமீன் கிராமங்களின் பழைய கணக்குகள் சர்க்கார் கச்சேரியில் அல்ல, ஜமீன் கச்சேரியில் இருந்தவை. 1948-ம் வருஷத்து எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அந்தக் கிராமங்களுக்கு ரயத்துவாரி முறை வந்தது. போதாததற்கு, பழைய பத்திரங்களில் பல தெலுங்கு எழுத்தில் இருக்கும். தாத்தா தெலுங்கும் தமிழும் படித்தவர். பேரனுக்குத் தமிழும் இங்கிலீஷும்தான் தெரியும். பெட்டியில் பத்திரம் பத்திரமாக இருக்கிறது, படிக்கத்தான் ஆளில்லை.

எந்தக் காகிதம் எங்கே இருக்கும் என்பதைக் காகிதம் தானாகச் சொல்லாது. "நாம் முதலில் நகரிப் பக்கம் இருந்தோம்; பஞ்சத்தில்தான் இங்கே வந்தோம்" என்று ஒரு பெரியவர் சொன்னால்தான், எந்தக் கதவைத் தட்டுவது என்றே தெரியும். ஆகவே தேடுகிறவர்கள் கச்சேரிக்குப் போகுமுன் திண்ணைக்குப் போக வேண்டும். வரிசை மாறினால் அலைச்சல்தான் மிஞ்சும்.

பெயரிலே ஊர்

இந்த வட்டாரத்துத் தெலுங்குக் குடும்பங்களுக்கு ஒரு வசதி உண்டு. அவர்கள் வீட்டுப் பெயரை, அதாவது 'இண்டிபேரை', தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வருகிறார்கள். அதில் பல சமயம் பூர்வீக ஊரின் பெயரே ஒளிந்திருக்கும். இதற்குத் திருத்தணியே நாட்டுக்குக் கொடுத்த உதாரணம் ஒன்று இருக்கிறது. டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்தது இங்கே. ஆனால் அவர் பெயருக்கு முன்னால் நிற்கும் 'சர்வேபள்ளி' நெல்லூர் ஜில்லாவில் உள்ள ஒரு கிராமம். முன்னோர் அங்கிருந்து புறப்பட்டு எத்தனையோ காலம் ஆகியும், அந்தக் கிராமம் ராஷ்டிரபதி பவனம் வரையில் அவரோடு போயிற்று.

தமிழர்களாகிய நாம் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தைப் போட்டுக்கொள்கிறோம். அது அப்பாவின் பெயர். அவருக்கும் ஓர் எழுத்து. அது தாத்தாவின் பெயர். மூன்றாவது தலைமுறையில் அந்த எழுத்தும் போய்விடுகிறது. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். பேரன் என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்தது. இந்த நல்ல வழக்கம் பத்திரம் பார்க்கிறவருக்கு ஒரு சோதனை! தணிகாசலம் மகன் முனுசாமி, முனுசாமி மகன் தணிகாசலம், மறுபடியும் தணிகாசலம் மகன் முனுசாமி. 1920-ல் கையெழுத்துப் போட்டவர் எந்த முனுசாமி? "அவர் கால் ஊனமுள்ளவர், அவருக்கு இரண்டு சம்சாரம்" என்று அத்தைப்பாட்டி ஒருவர் சொன்னால்தான் முடிச்சு அவிழும்.

தமிழ்க் குடும்பங்களுக்கு இண்டிபேர் இல்லாத குறையைப் பெரும்பாலும் குலதெய்வம் தீர்த்துவைக்கிறது. குழந்தைக்கு முதல் மொட்டை எந்தக் கோயிலில் அடிக்கிறார்கள், பொங்கலிட எந்த ஊர் எல்லைக்குப் போகிறார்கள் என்று கேளுங்கள். குடும்பம் ஒரு காலத்தில் எங்கே இருந்தது என்பதற்கு அதுவே பெரிய துப்பு. அங்கே வந்து பொங்கலிடும் மற்றவர்கள் யார் என்று விசாரித்தால், மறந்துபோன பங்காளிகள் அகப்படுவார்கள்.

எந்தத் தாது வருஷம்?

பெரியவர்கள் சொல்லும் காலக் கணக்கு வேறு. "தாது வருஷப் பஞ்சத்தில் பிறந்தவர்" என்பார்கள். 1876-77-தான் அந்தத் தாது. ஆனால் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் வரும்; 1936-37-ம் தாதுதான். பஞ்சத்தைச் சேர்த்துச் சொன்னால் பழைய தாது. வெறும் தாது என்றால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். "எம்டன் குண்டு போட்ட வருஷம்" என்றால் 1914. "பட்டணம் காலியான வருஷம்" என்றால் 1942. ஜப்பானியருக்குப் பயந்து சென்னைவாசிகள் மூட்டை முடிச்சோடு வெளியூர்களுக்கு ஓடி வந்த காலம். "நீ பிறந்தது எந்தத் தேதி?" என்று பாட்டியைக் கேட்காதீர்கள். "பட்டணம் காலியானபோது உனக்கு நடக்கத் தெரியுமா?" என்று கேளுங்கள். பதில் வரும்.

பள்ளிக்கூட ரிக்கார்டில் உள்ள பிறந்த தேதியையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. பழைய தலைமுறையில் பாதிப்பேர் ஜூன் மாதத்தில்தான் பிறந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் திறக்கும் மாதம் அல்லவா! ராதாகிருஷ்ணன் விஷயத்திலேயே பாருங்கள். 1888 செப்டம்பர் 5 என்பது பதிவான தேதி. அந்தத் தேதியில்தான் ஆசிரியர் தினம் கொண்டாடுகிறோம். ஆனால் 1887 செப்டம்பர் 20-ந் தேதிதான் சரி என்று அவரே நம்பியதாக, அவருடைய குமாரரும் சரித்திர ஆசிரியருமான கோபால் 1989-ல் வெளியான வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஜனாதிபதியின் தேதியே இப்படியென்றால் நம் வீட்டு முனுசாமியைச் சொல்வானேன்.

திண்ணையில் கேட்டு முடிந்தபின் பத்திரத்துக்கு வரலாம். 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி, சார்பதிவாளர் அலுவலகத்தில் நிலம், வீடு பற்றிய பத்திரங்களை முதல் புத்தகத்தில் நகல் செய்து வைக்கிறார்கள். கட்டணம் செலுத்தினால் யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்களுக்குத் தனி அட்டவணை உண்டு. கிரயப் பத்திரத்தைவிடப் பாகப்பிரிவினைப் பத்திரம் நூறு பங்கு உசத்தி. அண்ணன் தம்பி எத்தனை பேர், இறந்தவரின் மைனர் பிள்ளைக்குக் கார்டியன் யார் என்று ஒரு குடும்பமே அதில் உட்கார்ந்திருக்கும். நான்கெல்லையைப் படிக்காமல் விடாதீர்கள். "வடக்கே இன்னார் நிலம்" என்று எழுதியிருக்கும் அந்த இன்னார், பல சமயம், பாகம் பிரிந்துபோன சிற்றப்பாவாக இருப்பார்.

கணக்குப்பிள்ளைகளும் போய்விட்டார்கள். பரம்பரைக் கர்ணம் உத்தியோகம் தமிழ்நாட்டில் 1980-லும் ஆந்திரத்தில் 1984-லும் ரத்தாயிற்று. ரத்தானது நியாயமே. ஆனாலும் எந்த வயல் யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய ஒரு மனிதர் ஒவ்வொரு கிராமத்திலும் இருந்தார். இப்போது அவருக்குப் பதில் கம்ப்யூட்டர் இருக்கிறது. சர்வே நம்பர் கேட்டால் அது பட்டாவைக் காட்டும். நம்பரைச் சொல்ல மனிதன் வேண்டும்.

நிலம் இல்லாதவர்கள்

இதுவரை சொன்னதெல்லாம் நிலமுள்ளவர்களுக்கு. ஏரோட்டியவனுக்கும் நாற்று நட்டவளுக்கும் பத்திரம் ஏது? 1899-லேயே சென்னை மாகாணத்துக்குப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது என்றாலும், அவர்கள் வீட்டுக் குழந்தைகளில் எத்தனையோ பேர் ஏட்டில் ஏறாமலே வாழ்ந்து முடிந்தார்கள். பிரிட்டனில் 1921-ம் வருஷத்து ஜனக்கணக்கின் வீட்டுத் தாள்களையும், அமெரிக்காவில் 1950-ம் வருஷத்துத் தாள்களையும் 2022-ல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிட்டார்கள். நம் நாட்டில் 1948-ம் வருஷத்து ஜனக்கணக்குச் சட்டப்படி தனி நபர் விவரம் ரகசியம்; அந்த வழியும் இல்லை. ஆகவே ஏழை வீட்டுக்குக் கிழவியின் ஞாபகம் ஒன்றுதான் ரிக்கார்டு. அது போனால் நகல் கிடையாது.

இதில் ஒரு விசித்திரம். அதே ஏழைகளில் யார் கடல் கடந்து கூலிக்குப் போனார்களோ, அவர்களுக்கு மட்டும் ரிக்கார்டு இருக்கிறது! 1860 நவம்பர் 16-ந் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரையில் சுமார் 1,52,000 பேர் நெட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று எழுதிவைத்தார்கள். மொரீஷியசுக்குப் போனவர்களின் ஏடுகள் அங்கே மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் இருக்கின்றன. எழுதியது அன்பினால் அல்ல, ஓடிப்போனால் பிடிப்பதற்காக. ஊரிலேயே தங்கிய தம்பியைப் பற்றி ஒரு வரி இல்லை.

அந்தக் கப்பல் ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு டர்பனிலிருந்து ஒரு பேரன் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். அவன் காகிதத்தில் 'வட ஆற்காடு' என்று இருக்கும். வேலூரில் இறங்கித் தேடுவான். 1911-க்கு முன்னால் திருத்தணியும் வட ஆற்காடுதான் என்று அவனுக்கு யார் சொல்வது? ஊர்ப் பெயரை வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பான். அதை வாய்விட்டுப் படித்துக் காட்டினால், "அட, இது நம்ம பக்கத்து ஊராச்சே!" என்று சொல்லக்கூடியவர் இங்கே உள்ள ஒரு கிழவர்தான்.

எச்சிலைக் குழாயில் பிடித்து அனுப்பினால் வம்சத்தைச் சொல்கிறோம் என்று கம்பெனிகள் விளம்பரம் செய்கின்றன. முன்பின் தெரியாத இரண்டு பேர் உறவினர் என்று அந்தப் பரிசோதனை காட்டும், உண்மைதான். ஆனால் தலைமுறை தலைமுறையாக அத்தை மகளையும் மாமன் மகளையும் கட்டிய நம் குடும்பங்களில், தூரத்து உறவும் அதில் நெருங்கிய உறவாகத் தெரியும். ஊர் பெயரும் ஆள் பெயரும் மரபணுவில் எழுதியிருக்காது.

சர்க்காருக்கு நாம் சொல்ல வேண்டியது அதிகமில்லை. திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிக் கிராமங்கள் ஒவ்வொன்றும் எந்த வருஷத்தில் எந்த ஜில்லா, எந்தத் தாலுகா, எந்தப் பதிவு அலுவலகத்தைச் சேர்ந்தது என்று ஒரு பட்டியல் அச்சிட வேண்டும். 1960-ல் இங்கிருந்து ஆந்திரத்துக்குப் போன சத்தியவேடு பகுதிக்கும் அது வேண்டும். சத்தியவேடு 2022-ல் மறுபடியும் ஜில்லா மாறித் திருப்பதிக்குப் போயிருக்கிறது! தெலுங்கில் உள்ள பழைய பத்திர நகல்களைப் படித்துச் சொல்ல, இந்த அலுவலகங்களில் தெலுங்கு தெரிந்த ஒருவரை வாரத்தில் ஒரு நாளாவது உட்கார வைக்கலாம். இரண்டு ராஜ்யங்களும் கலந்து பேசினால் முடியாத காரியம் அல்ல.

வீட்டில் செய்ய வேண்டியதற்கு யாருடைய உத்தரவும் வேண்டாம். ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு பக்கத்து உறவினரும் காவடியோடு திருத்தணியில் கூடுகிறார்கள். வருஷத்தில் வேறெந்த நாளில் அவ்வளவு பெரியவர்களை ஒரே இடத்தில் பார்க்க முடியும்? பெண்களை முதலில் கேளுங்கள். ஆண்கள் தங்கள் வம்சத்தை மட்டும் சொல்வார்கள். பெண்களுக்குப் பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டும் தெரியும். அவர்கள் சொல்வதை அவர்கள் குரலிலேயே செல்போனில் பிடித்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரை அவர்கள் உச்சரிக்கிற விதமும் நாளைக்கு ஒரு துப்பு. ஒரு பெரியவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தால் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், அங்கேயே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். பழைய போட்டோக்களையும் எடுத்துப் போங்கள். யார் யார் என்று கேட்டு, பின்பக்கத்தில் பென்சிலால் பெயர் எழுதிவிடுங்கள்; மை ஊறும்.