ரெண்டு பேட்டரி இருந்தா ரெண்டு உயிரா?

வீட்டிலேயே விமானம் கட்டுகிறவர்களின் வீடியோக்களை நம்ம வகுப்பில் நிறைய பேர் விழுந்து விழுந்து பார்க்கிறோம். பார்த்து முடித்ததும் "இறக்கையை எப்படிடா செஞ்சான்?" என்ற கேள்விதான் முதலில் வரும். எனக்கு மட்டும் கண் பேட்டரிப் பக்கமே போகிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் டெக்னிக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் :)

வீட்டு விமானம் என்பது ஏதோ அமெரிக்காக்காரன் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 1910-லேயே சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் என்பவர், சிம்ப்சன் கம்பெனியின் உதவியோடு ஒரு விமானம் கட்டிப் பறந்து காட்டினார். ரைட் சகோதரர்கள் பறந்து ஏழே வருஷம்தான் ஆகியிருந்தது! நம்ம காலத்தில், மும்பை விமானி அமோல் யாதவ் மொட்டை மாடியில் ஆறு பேர் உட்காரும் விமானத்தைக் கட்டி 2017-ல் அதற்குப் பதிவு எண் வாங்கினார். ஆலப்புழைக்காரரான அசோக் தாமராக்ஷன் லண்டனில் இருந்துகொண்டு, கொரோனா காலத்தில் ஸ்லிங் டிஎஸ்ஐ என்ற கிட்டை வாங்கி நாலு பேர் உட்காரும் விமானம் செய்து, 2022-ல் ஐரோப்பாவைச் சுற்றிவந்தார்.

டி ஏஞ்சலிஸ் காலத்து விமானத்துக்கும் அசோக் கட்டிய விமானத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அந்தக் காலத்தில் ஒருவர் முன்னால் நின்று புரொப்பெல்லரைக் கையால் சுற்றிவிடுவார், இன்ஜின் பிடித்துக்கொள்ளும். அதற்கப்புறம் வந்த சிறிய விமான இன்ஜின்களில் மேக்னெட்டோ என்ற கருவிதான் ஆட்சி செய்தது. இன்ஜின் சுற்றும் வரைக்கும் அதுவே கரண்ட் உண்டாக்கி ஸ்பார்க் கொடுக்கும். நம்ம ஊர் பழைய டிவிஎஸ் 50-ஐ நினைத்துக்கொள்ளுங்கள், பேட்டரி செத்துக் கிடந்தாலும் மிதித்தால் வண்டி கிளம்பும். அந்த மாதிரி விமானத்தில் பேட்டரி என்பது ஸ்டார்ட் செய்யவும், ரேடியோவுக்கும், விளக்குக்கும் மட்டும். நடுவானில் பேட்டரி போனால் ரேடியோ போகும், இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

ஸ்லிங் டிஎஸ்ஐ-யில் வருவது ரோட்டாக்ஸ் 915 ஐஎஸ். பெட்ரோலைப் பீய்ச்சுவது, ஸ்பார்க் கொடுப்பது எல்லாம் கம்ப்யூட்டர் வேலை. பெட்ரோல் பம்பும் எலக்ட்ரிக். ஆக, கரண்ட் நின்றால் இன்ஜினும் நின்றுவிடும். இன்ஜின் நின்றால் என்ன ஆகும்? விமானம் கல் மாதிரி விழாது, சறுக்கிக்கொண்டே இறங்கும். ஒரு அடி இறங்குவதற்குள் பத்து அடி முன்னே போகும் என்று வைத்துக்கொண்டால், 3000 அடி உயரத்திலிருந்து சுமார் 9 கிலோமீட்டர் போகலாம். ஏறத்தாழ குரும்பலூரிலிருந்து பெரம்பலூர் தூரம். நேரம்? நாலு நிமிஷம் கிடைத்தால் அதிகம். அதற்குள் ஒரு காலி மைதானம் கண்ணில் பட வேண்டும். மக்காச்சோளம் ஆளுயரம் நிற்கிற சீசனாக இருந்தால் அதுவும் கஷ்டம்.

அதனால் என் முதல் கருத்து இது. இந்த மாதிரி இன்ஜின் போட்டவருக்கு இரண்டாவது பேட்டரி கூடுதல் வசதி கிடையாது, அது இன்ஜினின் ஒரு பாகம். "ஒரு கிலோ எடை கூடுமே, காசு ஆகுமே" என்பவர்கள் பிஸ்டனைப் பற்றியும் அப்படிப் பேசுவார்களா?

ரோட்டாக்ஸ்காரர்களே இதை யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். ஐஎஸ் வகை இன்ஜின்களுக்குள் இரண்டு ஜெனரேட்டர் உண்டு. ஒன்று இன்ஜின் கம்ப்யூட்டருக்கு, இன்னொன்று ரேடியோ முதலான மற்றவற்றுக்கும் பேட்டரியை சார்ஜ் செய்யவும். முதலாவது செத்தால் இரண்டாவது இன்ஜினைக் கவனிக்க வந்துவிடும், மற்றவை பேட்டரியை நம்பி இருக்க வேண்டியதுதான். இரண்டுமே போனால் ஒரு சுவிட்சைப் போட்டு பேட்டரியிலிருந்து இன்ஜினுக்கு நேராகக் கரண்ட் கொடுக்கலாம். வீட்டில் கஷ்டம் வந்தால் முதலில் அரிசி, அப்புறம்தான் டிவி என்கிற மாதிரி ஒரு வரிசை.

சரி, இரண்டாவது பேட்டரி வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? இங்கேதான் எனக்கும் சில நண்பர்களுக்கும் சண்டை. "ரெண்டு பேட்டரி இருக்குல்ல, ஒண்ணு டவுன் ஆனா இன்னொண்ணையும் சேர்த்துப் போட்டு ஸ்டார்ட் பண்ணிக்கலாம்" என்கிறார்கள். ஒரு பெரிய சுவிட்சை வைத்து இரண்டையும் இணைத்து, ஸ்டார்ட்டருக்கு இரட்டை பலம் கொடுக்கும் வயரிங்கும் நிஜமாகவே உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு உடன்பாடில்லை. காரணத்தை ஒரு நிஜச் சம்பவத்தோடு சொல்கிறேன்.

2007 மார்ச். ஜெர்மனியில் ஸ்பெயர் என்ற ஊர். டயமண்ட் டிஏ42 என்ற இரட்டை இன்ஜின் விமானம். வீட்டில் கட்டியது இல்லை, கம்பெனித் தயாரிப்பு. அதன் இரண்டு டீசல் இன்ஜினும் கம்ப்யூட்டரை நம்பியவை. பேட்டரி டவுன் ஆகியிருந்தது. வெளியிலிருந்து கரண்ட் கொடுத்து இரண்டு இன்ஜினையும் ஸ்டார்ட் செய்தார்கள். ஒன்றை அப்படி ஸ்டார்ட் செய்தாலும் இன்னொன்றை விமானத்தின் சொந்தக் கரண்டில்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்பது கையேட்டில் இருந்த விதி. மேலே கிளம்பியதும் சக்கரத்தை உள்ளே இழுக்கும் மோட்டார் ஓடியது. அது இழுத்த இழுப்பில் வோல்டேஜ் ஒரு நொடி சரிந்தது. தாங்கிப் பிடிக்க வேண்டிய பேட்டரியில் ஒன்றும் இல்லை. இரண்டு கம்ப்யூட்டரும் செயலிழந்தன, இரண்டு இன்ஜினும் நின்றுபோயின. விமானம் தரையில் மோதி நொறுங்கியது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. அதன் பிறகு கம்ப்யூட்டர்களுக்கென்றே தனி பேக்கப் பேட்டரி வைக்கும் மாற்றம் வந்தது.

பேட்டரி டவுன் ஆன டிராக்டருக்குப் பக்கத்துத் தோட்டத்து வண்டியிலிருந்து வயர் கொடுத்து ஸ்டார்ட் செய்வோமே, ஸ்பெயரில் நடந்ததும் அதேதான். டிராக்டர் வழியில் நின்றால் இறங்கி டீ குடிக்கலாம். விமானத்தில் இறங்க முடியாது.

தரையில் ஸ்டார்ட் ஆகாத விமானம் யாரையும் கொல்வதில்லை. அது நமக்கு ஒரு தகவல் சொல்கிறது, "என் பேட்டரி சரியில்லை, இன்னிக்கு வேண்டாம்" என்று. இரண்டாவது பேட்டரியைச் சேர்த்து முறுக்கி ஸ்டார்ட் செய்தால் அந்தத் தகவலை நாமே அழிக்கிறோம். அதோடு, ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல்கூட இழுக்கும். முதல் பேட்டரி ஏற்கெனவே காலி, இரண்டாவதும் பாதி காலி. இந்த நிலையில் மேலே போவதற்குப் பெயர் பேக்கப்பா?

"நடுவானில் இன்ஜின் நின்றால் திரும்ப ஸ்டார்ட் செய்ய வேண்டாமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெரும்பாலும் காற்றே புரொப்பெல்லரைச் சுற்றிக்கொண்டிருக்கும், இன்ஜினுக்குத் தேவை ஸ்பார்க்கும் பெட்ரோலும்தான். வேகம் குறைந்தால், அதுவும் கியர் வைத்த இன்ஜின்களில், புரொப்பெல்லர் நின்றுவிடலாம் என்பதையும் மறுக்கவில்லை. அதற்கு மெயின் பேட்டரியைப் புதிதாக வைத்துக்கொள்வதுதான் வழி. பேக்கப்பை ஸ்டார்ட்டரோடு கட்டிவைத்தால், ஒரே சுவிட்ச் கோளாறில் இரண்டும் போகும். ஒரே சுவிட்சில் தொங்குகிற இரண்டு பேட்டரியை நான் ஒரு பேட்டரி என்றுதான் எண்ணுவேன்.

அப்படியானால் என்னதான் செய்ய வேண்டும்? நான் சொல்வது இவ்வளவுதான். பேக்கப் பேட்டரி ஒரு டையோடு வழியாக சார்ஜ் ஆகட்டும், அப்போதுதான் கரண்ட் உள்ளே போகும், திரும்பி ஓடாது. அதற்குத் தனி வயர், தனி ஃபியூஸ், தனி சுவிட்ச். அது இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் பெட்ரோல் பம்புக்கும் மட்டும். அளவு? கணக்குக்கு 10 ஆம்பியர் தேவை என்று வைத்துக்கொண்டால், அரை மணி நேரத்துக்கு 5 ஆம்பியர் அவர். பேட்டரி வயசாகும், அதனால் 8 வைக்கலாம். ஒவ்வொரு முறை பறக்கும் முன்பும் தரையில் பேக்கப்பில் மட்டும் இரண்டு நிமிஷம் இன்ஜினை ஓட்டிப் பார்க்க வேண்டும். சோதிக்காத பேக்கப், இருக்கிறது என்ற நினைப்பை மட்டுமே தரும்.

லித்தியம் பேட்டரி எடை குறைவு என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கவும் கூடாது. 2013 ஜனவரியில் போயிங் 787 விமானங்களில் லித்தியம் பேட்டரி எரிந்து, ஏர் இந்தியாவுடையது உட்பட உலகம் முழுக்க அந்த விமானங்களைத் தரையில் நிறுத்தினார்கள். போயிங்குக்கே அந்த நிலை. லித்தியத்திலேயே சூட்டைக் கொஞ்சம் தாங்குகிற இரும்பு பாஸ்பேட் வகை உண்டு. அதையும் சீட்டுக்கு அடியில் திணிக்காமல், புகை வெளியே போக வழியுள்ள இடத்தில் வைக்க வேண்டும்.

நம்ம பக்கத்துப் பசங்களும் ஏரோநாட்டிக்கல் படிக்கப் போகிறார்கள். அவர்களில் யாராவது ஒருநாள் சொந்தமாக ஒரு விமானம் கட்டலாம். கட்டட்டும், நான்தான் முதல் ஆளாகக் கை தட்டுவேன். ஆனால் பெயின்ட் அடித்த இறக்கையைக் காட்டும்போது, "கரண்ட் போனா எத்தனை நிமிஷம் ஓடும்? சோதிச்சுப் பார்த்தியா?" என்று கேட்பேன். பதில் வந்த பிறகுதான் பக்கத்து சீட்டில் உட்காருவேன்.