பெட்டியில் வந்த வீடு

சென்ற ஆண்டு எங்கள் பாடசாலையிலே நடைபெற்ற கைப்பணிப் பொருட்காட்சியில் முதற் பரிசைத் தட்டிக்கொண்டது ஒரு பொம்மை வீடு. இரண்டு மாடி, வாசிப்பறை, பியானோ, விரல் நுனியளவு பூச்சாடிகள், பற்றறியில் எரியும் விளக்குகள். நடுவர் மூவரும் அதன்முன் குனிந்து நின்று வியந்த வியப்பை நான் நேரிற் கண்டேன். அது கடையில் விற்கும் பெட்டி ஒன்றிலிருந்து வெளிவந்தது என்பதும், துண்டுகளுக்கெல்லாம் இலக்கமிட்டு, எதனோடு எதை ஒட்டவேண்டுமென்று படமும் போட்டுத் தந்திருக்கின்றார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியாதவை அல்ல. தெரிந்தும் அதனைக் கைப்பணி என்றே கொண்டு புள்ளியிட்டார்கள். அதே மேசையின் கோடியில் இன்னொரு வீடும் இருந்தது. அதைப்பற்றிப் பின்னர் சொல்கின்றேன்.

ஆசிரியர் அறையில் இதைக் குறித்து நான் வாய்திறந்தபோது, “வசதியுள்ள தகப்பன் வாங்கிக் கொடுக்கிறார், பிள்ளை பொறுமையாக ஒட்டுகிறது, உமக்கு ஏன் வயிறெரிகிறது?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். பொம்மையைப் பற்றிப் பேசவா பல்கலைக்கழகம் போய்த் தமிழ் படித்தாய் என்று நகைத்தவரும் உளர். எனக்கு வயிறெரியவில்லை. நானும் அத்தகைய பெட்டி ஒன்றை என் மகளுக்கென்று வாங்கினேன். அதன் விலை, கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் பல நாட் கூலி என்பதைக் கடையிலே நின்றபோது நினைத்தேன், நினைத்தும் வாங்கினேன்.

பெட்டியைத் திறந்தால் லேசர்க் கதிரால் வெட்டப்பட்ட மெல்லிய ஒட்டுப்பலகைத் தகடுகள், சிறு சிறு பைகளில் மணிகள், கம்பித் துண்டுகள், துணிகள், பசை, ஒரு சாவணம். ஓர் அடிக்கு அரை அங்குலம் என்பது அதன் அளவுத் திட்டம். மூன்று இரவுகள் அதனோடு இருந்தேன். நாற்காலிக் கால் ஒன்று நேராக நிற்கும்வரை மூச்சை அடக்கிப் பிடித்திருப்பதில் ஓர் இன்பம் உண்டு. அதை மறுப்பவன் பொய்யன். வாசிப்பறைக்கு நாற்பது புத்தகங்கள். அச்சிட்ட தாளை வெட்டி மடித்து ஒவ்வொன்றுக்கும் அட்டை ஒட்டவேண்டும். உள்ளே ஓர் எழுத்தும் இல்லை. எங்கள் நடுத்தர வர்க்கத்து வீடுகள் சிலவற்றின் கண்ணாடி அலுமாரிகள் நினைவுக்கு வந்தன, அது கிடக்க.

மூன்றாம் இரவு முடிந்தபோதுதான் ஒன்று உறைத்தது. சன்னல் எந்தத் திசையில் இருக்கவேண்டும், படி எங்கே ஏறவேண்டும், சுவருக்கு என்ன நிறம் என்று எதையும் நான் தீர்மானிக்கவில்லை. என்னுடைய மூளைக்கு அங்கே வேலையே இல்லை. தொழிற்சாலை உழைப்பைத் துண்டு துண்டாக்கித் தொழிலாளியின் கையையும் கருத்தையும் பிரித்துவைத்தது. அதற்காவது கூலி கொடுத்தது. இங்கோ, அந்தத் தொழிற்சாலையின் கடைசி வேலையை வாங்குபவனே காசு கொடுத்துச் செய்கின்றான். செய்துவிட்டு “நானே கட்டினேன்” என்று மார்தட்டுகின்றான். தகடுகளை அடுக்கி, மணிகளை எண்ணிப் பையிலிட்ட சீனத் தொழிலாளியின் கை அந்த “நானே” என்னும் சொல்லுக்குள் மறைந்துபோகின்றது. சொன்னபடி ஒட்டும் பொறுமையைக் கல்வியென்று நாம் புள்ளியிட்டால், நாளை எவனோ வரைந்த படத்தின்படி நாட்டைக் கட்டு என்றால் நம் மாணவன் பசையைத்தானே தேடுவான்?

இவ்வகை வீடுகளின் குலமுறையும் சிறிது அறியத்தக்கது. அவை பிள்ளைகளுக்காகப் பிறந்தவை அல்ல. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆம்ஸ்டர்டாம் நகரத்துச் செல்வப் பெண் பெற்றொனெல்லா ஓர்ட்மன் அமைத்த பொம்மை வீடு, கால்வாய்க் கரையில் ஒரு மெய்யான வீட்டை வாங்கும் அளவு பணத்தை விழுங்கியதென்பர். இங்கிலாந்தின் மேரி அரசிக்கென லட்டியன்ஸ் என்னும் கட்டடக்கலைஞர் 1921 முதல் 1924 வரை ஒரு மாளிகை சமைத்தார். அடிக்கு ஓர் அங்குலம். 1,500 பேருக்கு மேற்பட்ட கலைஞரும் கைவினைஞரும் உற்பத்தியாளரும் அதற்குப் பொருள் செய்தளித்தனர். குழாயில் தண்ணீர் வரும், மின்னுயர்த்தி ஏறும், குப்பிகளில் மெய்யான மதுவே இருந்தது. அதே நாட்டில், போரிலிருந்து மீண்டவர்க்கு ஐந்து இலட்சம் வீடுகள் மூன்றாண்டில் என்று 1919 இல் அரசு வாக்களித்தது. 1921 இல், ஆம், அதே 1921 இல், செலவு தாங்காதென்று திட்டத்தை வெட்டியது. கட்டி முடிந்தவை பாதிக்கும் குறைவு. மேரி அரசியின் வீட்டிலோ ஒரு குழாயும் வெட்டப்படவில்லை! 1924 இல் வெம்பிளியில் நடந்த பேரரசுப் பொருட்காட்சியிலே 16 இலட்சம் மக்கள் வரிசையில் நின்று அதைப் பார்த்தார்கள். அங்கே இலங்கைக்கும் ஒரு மண்டபம் இருந்தது. நம் தேயிலையும் இருந்தது. அத்தேயிலையைப் பறித்தவர் படுத்துறங்கிய இடத்தை எவரும் அடிக்கு ஓர் அங்குலமாகச் செய்து வைக்கவில்லை.

சிறுவர்க்கு வீடு கட்டும் விளையாட்டே வேண்டாமென்று நான் சொல்வதாக எவரும் திரிக்க வேண்டாம். கிண்டர்காட்டின் என்னும் பெயரைத் தந்த ஜெர்மனியக் கல்வியாளர் புரோபலின் மூன்றாவது “கொடை” எட்டுச் சிறு மரக்கட்டிகளாகப் பிரியும் ஒரு கனசதுரம். வேறொன்றும் இல்லை. பிள்ளை அதை வீடாக்கும், கலைக்கும், பாலமாக்கும். நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்களுக்கும் இது தெரியும். சிற்றிற் பருவத்திலே சிறுமியர் தம் மணல் வீட்டை மிதிக்காதே என்று பாட்டுடைத் தலைவனை இரந்து நிற்கின்றார்கள்; மிதித்தால் அழுவார்கள், மீண்டும் கட்டுவார்கள். மணலுக்கு இலக்கமிடப்படவில்லை. பெட்டி வீட்டையோ ஒருமுறை ஒட்டினால் பிரிக்க முடியாது. ஒட்டி முடித்ததும் தூசு படாமற் கண்ணாடி மூடியிட்டு மூடிவிட வேண்டியதே.

இனி, மேசைக் கோடியில் இருந்த வீடு. அதைச் செய்தவள் ஒன்பதாந் தரத்து மாணவி, தோட்டத்துப் பிள்ளை. அடிக்கு அரை அங்குலம் என்ற கணக்கை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அவள் தன் லயக் காம்பராவை அளந்து வந்தாள்: பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஆகவே ஐந்தங்குலம், ஆறங்குலம். பரிசு பெற்ற வீட்டின் வாசிப்பறையை மாத்திரம் அடிமட்டம் வைத்து அளந்து பார்த்தேன்: எட்டுக்கு ஏழு. அதாவது பதினாறடிக்குப் பதினான்கடி. ஒருவரும் வசிக்காத வீட்டின் ஓர் அறைக்குள் ஆறுபேர் வசிக்கும் வீடு இடம்மிஞ்ச அடங்கும்.

காட்போட் மட்டைச் சுவர். பால்மாப் பேணியை வெட்டித் தட்டிய கூரை. உள்ளே சுருட்டிய பாய்கள் ஆறு, ஓர் அடுப்பு, ஒரு கொழுந்துக் கூடை. நடுவே பழஞ்சேலைத் துண்டில் ஒரு திரை. அண்ணனுக்குக் கலியாணமான பிறகு கட்டியதாம். கூரையில் ஆணியால் ஒரு துளை. அதன் நேர்கீழே ஒரு போத்தல் மூடி. “மழ பேஞ்சா அங்கதான் சேர் சட்டி வைப்போம்” என்றாள். நடுவர்கள் எழுதிய குறிப்பு: “துப்புரவு போதாது.”

பரிசு வீட்டை அவளும் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். “இதில அடுப்பு எங்க சேர் இருக்கு?” என்று கேட்டாள். நானும் தேடினேன். இல்லை.

இவ்வாண்டுப் பொருட்காட்சிக்கு விதி எழுதும் குழுவில் என்னையும் சேர்த்திருக்கின்றார்கள். பெட்டியாக வாங்கி ஒட்டியவற்றுக்குக் கைப்பணியிற் புள்ளியில்லை என்னும் வரியை எழுதிக்கொண்டு போகின்றேன். நண்பர் எதிர்ப்பார், எதிர்க்கட்டும், அந்தக் குறிப்பை எழுதிய கைகளுக்கு அவர் என்ன நியாயம் சொல்கின்றார் என்றும் கேட்கலாம். அந்த மாணவியின் வீடு இன்னும் ஆசிரியர் அறை அலுமாரியின் மேலேதான் இருக்கின்றது. எடுத்துச் செல்லச் சொன்னேன். “வீட்டில வைக்க எடமில்ல சேர்” என்றாள்.