முனகும் ஸ்டியரிங்

வயிற்று வலி என்று சொன்னதுமே கத்தியைத் தூக்குகிற டாக்டரிடம் இரண்டாம் முறை போவீர்களா? மாட்டீர்கள். ஆனால் கார் விஷயத்தில் நாமே அந்த டாக்டராகி விடுகிறோம்! ஸ்டியரிங்கைத் திருப்பும்போது 'ஙொய்ங்' என்று முனகல் கேட்டால் போதும். "பம்பு போய்விட்டது, புதிதாகப் போடப்பா" என்று மெக்கானிக்குக்கு உத்தரவு கொடுத்து விடுகிறோம். கொஞ்சம் பொறுங்கள்!

உதாரணத்துக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார். ஜப்பானிய மாஸ்டா கம்பெனி 1989-ல் கொண்டு வந்த எம்.எக்ஸ்-5. இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையை மடக்கிவிடக்கூடிய குட்டி வண்டி. 2015-ல் வந்த நாலாம் தலைமுறையில் ஸ்டியரிங்குக்கு மின்சார மோட்டார் கை கொடுக்கிறது. அதற்கு முந்தைய வண்டிகளில் பவர் ஸ்டியரிங் இருந்தால், அது ஆயிலின் பலத்தில் வேலை செய்வது. முனகுவது இந்த ரகம்தான்.

இன்ஜின் ஓடும்போது ஒரு பெல்ட் பம்பைச் சுழற்றுகிறது. பம்பு, டப்பாவிலுள்ள ஆயிலை உறிஞ்சி அழுத்தத்தோடு அனுப்புகிறது. அந்த அழுத்தம்தான் சக்கரத்தைத் திருப்ப உதவுகிறது. ஆயிலோடு காற்றும் சேர்ந்து போனால்? கிணற்றில் தண்ணீர் வற்றும்போது பம்புசெட் கத்துமே, அதே கதைதான்!

ஆகவே, முதலில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும், அல்லது ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்ததும் 'கீச்'சென்றால், பெல்ட் தளர்ந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. 'டொக்' என்று இடித்தால் அது ஆயில் சமாச்சாரமே அல்ல, மூட்டுகளைப் பாருங்கள். முழுக்க ஒடித்து நிறுத்தும்போது மட்டும் 'உஸ்'ஸென்றால் பயமில்லை. அதிக அழுத்தத்தைத் திருப்பிவிடும் வால்வின் குரல் அது. இன்ஜின் வேகத்தோடு கூடுகிற முனகல்தான் காற்றின் அடையாளம்.

அடுத்தது கண். டப்பா மூடியைத் திறந்து பாருங்கள். ஆயில் கோட்டுக்குக் கீழே இருக்கிறதா? நுரைத்திருக்கிறதா? நுரை என்றால் உள்ளே காற்று இருக்கிறது. கறுத்துப்போய், அதில் உலோகப் பொடி மினுமினுத்தால் மட்டுமே பம்பின் மேல் பலமான சந்தேகம் கொள்ளுங்கள்.

இங்கேதான் ஒரு சூட்சுமம். டப்பாவிலிருந்து பம்புக்குப் போகிற ஹோஸில் அழுத்தம் இல்லை, உறிஞ்சல்தான். அது வயதாகி இறுகி, கிளாம்ப் தளர்ந்தால் காற்று உள்ளே நுழையும். ஆனால் தரையில் ஒரு சொட்டு ஆயில்கூட விழாமல் இருக்கலாம். இது தெரியாமல் பம்பை மாற்றினால், புதுப் பம்பும் அதே பாட்டைப் பாடும். நாளடைவில் காற்று அதையும் தேய்த்துவிடும். ஆகவே, விலை குறைந்த ஹோஸையும் கிளாம்பையும் முதலில் மாற்றுங்கள்.

பிறகு காற்றை வெளியேற்ற வேண்டும். முன் சக்கரங்களை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்துங்கள். வண்டிப் புத்தகத்தில் சொன்ன ஆயிலைக் கோடு வரை ஊற்றுங்கள். பழைய எம்.எக்ஸ்-5-க்கு அது ஏ.டி.எப். என்கிற சிவப்பு ஆயில். பிரேக் ஆயிலை மறந்தும் ஊற்றாதீர்கள். ரப்பர் சீல்கள் ஊறிக் கெட்டுப்போகும். இன்ஜினை ஓட்டாமலே ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக மெதுவாகப் பலமுறை திருப்புங்கள். ஆயில் இறங்கினால் மேலும் ஊற்றுங்கள். குமிழி அடங்கியதும் இன்ஜினை ஓட்டி, மறுபடி செய்யுங்கள். கோடியில் சில விநாடிக்கு மேல் பிடித்து நிறுத்தாதீர்கள். ஆயில் கொதித்துப் பம்பு கெடும்.

கடைசியாக ஒன்று. ஆயில் குறைந்திருந்தால், ஊற்றிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். எங்கே போயிற்று என்று தேடுங்கள். சூடான புகைக்குழாய் மேல் சொட்டினால் தீப்பிடிக்கலாம். ஆயில் முழுக்க வற்றினால், வளைவில் வேகமாகத் திரும்பும் நேரத்தில் ஸ்டியரிங் திடீரென்று கனத்துவிடும். இன்ஜின் ஓடும்போது ஒழுக்கைக் கையால் தடவித் தேடவும் வேண்டாம். பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

முனகல் என்பது வண்டி உங்களைக் கூப்பிடும் குரல். பர்ஸைத் திறப்பதற்கு முன் பானெட்டைத் திறந்து, அது என்ன சொல்கிறதென்று கேளுங்கள்!