101ஐ மட்டும் தாண்டாதீர்கள்
‘நரூட்டோ’ அனிமே பார்க்கத் தொடங்குகிறவர் கையில் முதலில் திணிக்கப்படுவது, எந்தெந்த அத்தியாயங்களைத் தாண்டலாம் என்ற பட்டியல்தான். மொத்தமுள்ள 220இல் கடைசி எண்பது சொச்சம், பெரும்பாலும் இட்டுநிரப்பியவை. கிஷிமோட்டோ வாராவாரம் வரைந்த மூலச் சித்திரக்கதையான மங்காவை அனிமே எட்டிப்பிடித்துவிட்டதால், காலம் கடத்த எழுதப்பட்டவை. தாராளமாகத் தாண்டுங்கள், பாவமில்லை. ஆனால் 101ஆவதும் அதே பட்டியலில்தான் கிடக்கிறது. எப்போதும் முகமூடியோடே திரியும் ககாஷி வாத்தியாரின் முகத்தைப் பார்த்துவிட அவருடைய மாணவர்களான மூன்று வாண்டுகளும் படாதபாடு படுகிறார்கள். கடைசியில் அவரே முகமூடியைக் கழற்றுகிறார், உள்ளே இன்னொரு முகமூடி! கதைக்கு இதனால் காலணா பயனில்லை. ஆனால் அந்த நால்வரும் சண்டை சச்சரவில்லாத நாளில் எப்படியிருப்பார்கள் என்பது இங்கேதான் தெரிகிறது. மூலத்தில் உண்டா, இல்லையா என்று மட்டும் பார்த்துக் கத்தரி போட்டால், அவர்கள்மேல் பிரியம் வர எங்கே நேரம்?