வேலையை விட்டுட்டு கதை எழுத வர்றவங்களுக்கு

கூடுவாஞ்சேரியைச் சுத்தி இப்போ ஒரு புது மாதிரி ஆட்கள் குடி வர்றாங்க. ஓ.எம்.ஆர்., மகேந்திரா சிட்டி பக்கம் கம்பெனிகள்ல பதினஞ்சு இருபது வருஷம் வேலை பார்த்தவங்க. சிலர் தாங்களா விட்டவங்க. சிலரை கம்பெனியே வீட்டுக்கு அனுப்பிடுச்சு. காலேஜ்ல படிக்கும்போது கதை எழுதிட்டு இருந்திருப்பாங்க, ஒண்ணு ரெண்டு பத்திரிகையில வந்தும் இருக்கும். அப்புறம் வேலை, கல்யாணம், வீட்டு லோன்னு பேனாவை மூடி வச்சிருப்பாங்க. இப்போ திரும்ப எழுதணும், அதுக்கு அமைதி வேணும்னு இந்தப் பக்கம் ஒரு மனை வாங்கி சின்னதா வீடு கட்டிக்கிறாங்க.

தாராளமா வரட்டும். ஆனா அவங்க எழுதுற கதைகளைப் படிச்சா எனக்கு ஒரு வருத்தம். எல்லாரும் என்னைப் பத்தியே எழுதுறாங்க. கள்ளம் கபடம் இல்லாத விவசாயி, காத்துல ஆடுற நெற்கதிர், திண்ணையில வெத்தல இடிக்கிற கிழவி. இருபது வருஷம் உட்கார்ந்து எழுந்த ஆபீசைப் பத்தி ஒரு வரி இருக்காது. கேட்டா, "அதை மறக்கத்தானே சார் இங்க வந்தேன்"ங்கிறாங்க.

என் கருத்து இதுதான். மறக்கணும்னு நினைக்கிறீங்களே, அதுதான் உங்க நிலம். அதைத் தரிசா போட்டுட்டு என் நிலத்துல உழ வராதீங்க.

அசோகமித்திரனைப் பாருங்க. 1952ல ஜெமினி ஸ்டூடியோவுல வேலைக்குச் சேர்ந்தார். எஸ்.எஸ். வாசன் முதலாளி. பத்திரிகையில வர்ற செய்திகளை வெட்டி ஃபைல்ல ஒட்டி வைக்கிறது அவரோட வேலைகள்ல ஒண்ணு. பேப்பரைக் கிழிச்சிட்டு இருக்கிறதைப் பார்த்தவங்க, இவருக்கு வேற வேலையே இல்லன்னு நினைச்சு ஆளாளுக்கு உள்ள வந்து பேசிட்டுப் போவாங்களாம். அதை அவரே இங்கிலீஷ்ல எழுதி, அதுல ஒரு பகுதி சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்புப் பாடமாவே வந்திருக்கு. 14 வருஷம் அங்க இருந்துட்டு 1966ல வேலையை விட்டார். எழுத்துதான் இனிமேன்னு முடிவு.

வெளிய வந்தவர் கிராமத்தைத் தேடிப் போகல. சென்னையிலேயே இருந்தார். சில வருஷத்துக்குள்ள 'கரைந்த நிழல்கள்' எழுதினார். சினிமா உலகத்து நாவல்தான், ஆனா ஹீரோ ஹீரோயினைச் சுத்தி வர்ற கதை கிடையாது. புரொடக்‌ஷன் மேனேஜர், உதவி டைரக்டர்னு திரைக்குப் பின்னாடி ஓடுற ஆட்களோட பாடு. ஒரு படம் நின்னு போனா யார் யார் வயித்துல அடி விழும்ங்கிறது அதுல தெரியும். 14 வருஷம் உள்ள இருந்த மனுஷனுக்குத்தான் அது தெரியும். நான் ஏரிக்கரையில உட்கார்ந்து நூறு வருஷம் யோசிச்சாலும் வராது.

இன்னொருத்தர் கி.ராஜநாராயணன். இடைசெவல்ல விவசாயம் பார்த்தவர். முப்பது வயசு தாண்டித்தான் கதை எழுத வந்தார். எதை எழுதினார்? கரிசல் மண்ணை, அந்த ஜனங்களோட பேச்சுலயே எழுதினார். கரிசல் வட்டாரத்துச் சொல்லை எல்லாம் சேர்த்து அகராதியே போட்டார். 1991ல சாகித்ய அகாதமி பரிசு வாங்கினார். அவரைப் படிச்சுட்டுத்தான் பல பேர் கிராமத்தை எழுதக் கிளம்புறாங்க. அவர்கிட்ட எடுத்துக்க வேண்டியது கிராமத்தை இல்லைங்க. தான் பொழைச்ச இடத்தை, அந்த இடத்துப் பேச்சுல எழுதுற துணிச்சலை எடுத்துக்கணும்.

உங்க இடத்துக்கும் ஒரு பேச்சு இருக்கு. எங்க ஊர்ல பெஞ்சுன்னா டீக்கடை பெஞ்சு. உங்க ஊர்ல 'பெஞ்ச்ல இருக்கான்'னா வேலை ஒதுக்காம சும்மா உட்கார வச்சிருக்காங்க, எப்ப வேணா போகச் சொல்லுவாங்கன்னு அர்த்தமாம். ஒரு வார்த்தைக்குள்ள எவ்ளோ பயம் பாருங்க! அப்ரைசல், நோட்டீஸ் பீரியட், நைட் ஷிஃப்ட்னு இன்னும் எத்தனை இருக்கு. இதையெல்லாம் யார் சேர்த்து வைக்கிறது?

"ஆபீஸ்ல என்னங்க கதை இருக்கு, மீட்டிங்கும் மெயிலும்தான்"னு சொல்வாங்க. எங்ககிட்ட மட்டும் என்ன இருக்கு? நாத்து விடுறது, நடவு, களை, அறுப்பு. நவரை முடிஞ்சா சொர்ணவாரி, அதுக்கப்புறம் சம்பா. வேலை எங்கயும் சலிப்புதான். கூட வேலை செஞ்சவனை வெளிய அனுப்புற லிஸ்ட்டை டைப் அடிச்சவருக்கு அன்னைக்கு ராத்திரி சோறு இறங்குச்சான்னு எனக்குத் தெரியணும். அது கதை இல்லையா?

வழி போட்டவங்களும் இருக்காங்க. இரா.முருகன் கம்ப்யூட்டர் கம்பெனி ஆட்களை வச்சு 'மூன்று விரல்' எழுதினார். விநாயக முருகன் ஓ.எம்.ஆர். ரோட்டை வச்சு 'ராஜீவ்காந்தி சாலை' எழுதினார். ஆனா தினமும் காலையில ஜி.எஸ்.டி. ரோட்டுல போற கம்பெனி பஸ்ஸை எண்ணிப் பார்த்தா, ரெண்டு மூணு நாவல் எந்த மூலைக்கு?

எனக்கு இதுல சொந்த அக்கறையும் உண்டு. எங்க சுத்துவட்டாரத்துல வயல் மனையான கதை எனக்கு எங்க பக்கத்துல இருந்து தெரியும். யார் வித்தாங்க, ஏன் வித்தாங்க, வித்த காசு எங்க போச்சு, எல்லாம் தெரியும். மறுபக்கம் எனக்குத் தெரியாது. வரைபடம் போட்டவர், வீட்டு லோனுக்குக் கையெழுத்து போட்டவர், இருபது வருஷம் தவணை கட்ட சம்மதிச்சு அந்த மனையை வாங்கினவர், இவங்கெல்லாம் என்ன நினைச்சாங்க? அதை நீங்கதான் எழுதணும். ரெண்டு பக்கமும் சேர்ந்தாத்தான் இந்த ஊரோட கதை முழுசாகும். நீங்களும் என் பக்கத்தையே எழுதினா பாதிக் கதை அப்படியே மண்ணுக்குள்ள போயிடும்.

காசு விஷயமும் சொல்லிடுறேன். கதை சோறு போடாது. அசோகமித்திரனே கணையாழியில பல வருஷம் ஆசிரியர் பொறுப்பு பார்த்தவர்தான். சுஜாதா பெங்களூர்ல பாரத் எலக்ட்ரானிக்ஸ்ல இன்ஜினீயரா இருந்துக்கிட்டேதான் நிறைய எழுதினார். அதனால வேலையில இருக்கிறவங்க எழுதுறதுக்காகவே அவசரப்பட்டு ராஜினாமா கொடுக்காதீங்க. ஏற்கெனவே விட்டவங்க, வீட்டுல பேசி ஒரு வருஷச் செலவுக்கு வழி பண்ணிட்டு உட்காருங்க.

ரொம்ப நாள் தரிசா கிடந்த நிலத்தை உழுதா முதல் மழைக்குக் கோரைதான் முளைக்கும். அதைப் பார்த்து பயந்தா பயிர் வைக்க முடியாது. முதல் நாலு கதை அப்படித்தான் இருக்கும். கிழங்கோட தோண்டிப் போட்டுட்டு அடுத்த உழவு ஓட்டுங்க. அஞ்சாவது கதையில உங்க பழைய மேனேஜர் வரட்டும். பேரை மட்டும் மாத்திடுங்க.